ரோபோ வேக்குவம் வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

டர்பன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க் பக்கமிருந்தும் தரையைத் தானே பெருக்கும் ரோபோ வேக்குவத்தைப் பற்றியே நிறையக் கேள்விகள் வந்திருப்பதால், இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

சாட்ஸ்வொர்த் வாசகி: மூன்று படுக்கையறை வீடு. எல்லாம் டைல்ஸ், ஹாலில் மட்டும் ஒரு கம்பளம். கடையில் ஒன்று 3,000 பாஸ்கல், ஒன்று 8,000, இன்னொன்று 20,000 என்கிறார்கள். எதை எடுப்பது?

அந்த எண்ணை முதலில் ஓரங்கட்டுங்கள். காற்று போகிற வழியை அடைத்து வைத்து அளந்த உறிஞ்சு விசை அது. தரையில் ஓடும்போது ரோபோவின் வாய் அப்படி அடைபட்டிருப்பதில்லை. நாலு பக்கமும் காற்று கசியும். டைல்ஸ் தரைக்கு 2,500 பாஸ்கலே தாராளம். கம்பளம் இருப்பதால் 4,000, 5,000 இருந்தால் நல்லது. ஆனால் கம்பள இழைக்குள் இறங்கிய மண்ணைக் கிளப்புவது அடியில் சுழலும் உருளை பிரஷ்தான். அது சொத்தையாக இருந்தால் 20,000 பாஸ்கலும் மேலாகத்தான் மேயும்.

கடைக்குப் போவதற்கு முன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். சோபா, கட்டில், டிவி ஸ்டாண்ட் இவற்றின் அடியில் எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். வழி பார்ப்பதற்காகத் தலையில் லேசர் கோபுரம் வைத்த ரோபோக்கள் பெரும்பாலும் 9.5 முதல் 10 செ.மீ. உயரம். கோபுரம் இல்லாதவை 8 செ.மீ. அளவில் கிடைக்கும். சோபாவின் இடைவெளி ரோபோவின் உயரத்தைவிட ஒரு செ.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும். சரிசமமாக இருந்தால் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். நீங்கள்தான் குப்புறப் படுத்து இழுக்க வேண்டியிருக்கும். நிலைப்படிகளையும் அளந்து பாருங்கள். சாதாரண மாடல்கள் 2 செ.மீ. வரைதான் ஏறும். துணி காயவைக்கும் ஸ்டாண்டின் அடிக்கம்பிதான் பல வீடுகளில் வில்லன்: பாதி ஏறி, சக்கரம் அந்தரத்தில் சுற்ற நின்றுவிடும்.

அடுத்து, வழி கண்டுபிடிக்கும் முறை. பணம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். மலிவு மாடல்கள் கைரோஸ்கோப் எனும், திரும்பும் திசையை உணரும் சென்சாரை நம்பி ஓடும். ஒற்றை அறைக்குச் சரி, மூன்று அறை என்றால் ஒரே இடத்தை நாலு தடவை பெருக்கிவிட்டு இன்னொன்றை விட்டுவிடும். கேமராவை மட்டும் நம்புகிற மாடல்களுக்கு வெளிச்சம் வேண்டும். திரை மூடிய அறையில் தடுமாறும். லேசர் மாடல் இருட்டிலும் ஓடும், அறை அறையாக வரைபடம் போடும், "இன்று சமையலறை மட்டும்" என்று சொல்லலாம். உங்கள் வீட்டுக்கு லேசர்தான். தரை வரை இறங்கும் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் அதற்குள் இன்னொரு அறை இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். தரையிலிருந்து 8, 9 செ.மீ. உயரத்தில், கோபுரம் பார்க்கிற மட்டத்தில், ஒரு பட்டைக் காகிதம் ஒட்டினால் தீர்ந்தது.

கம்பளம் என்ன நிறம் என்று எழுதவில்லை. கறுப்பு அல்லது அடர் நீலமாக இருந்தால் கடையிலேயே ஒரு கறுப்புத் துணி விரித்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். படியிலிருந்து விழாமல் இருக்க, ரோபோவின் அடியில் இருக்கும் சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கறுப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடுவதால் "இங்கே பள்ளம்" என்று முடிவு செய்து ரோபோ பின்வாங்கும். சென்சார்மேல் டேப் ஒட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று, பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது: ஃபில்டர், பக்க பிரஷ், உருளை பிரஷ், பேட்டரி, இந்த நாலும் தென்னாப்பிரிக்காவிலேயே கிடைக்குமா? கடைக்காரர் மென்று விழுங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வெருலம் வாசகி: தினமும் வாசலிலும் பூஜை அறையிலும் கோலம் போடுகிறோம். விளக்கு தரையில்தான் இருக்கும். ரோபோ ஓட்டினால் சிக்கல் வருமா?

வரும். விளக்கு எரியும்போது ரோபோ அந்த அறைக்குள் போகவே கூடாது. எரிகிற ஊதுவத்தித் துண்டோ, நெருப்பு அணையாத சாம்பலோ உள்ளே போனால் ஃபில்டரும் குப்பைப் பெட்டிக்குள் இருக்கும் தூசியும் பற்றிக்கொள்ளும். செயலியில் வரைபடம் வந்ததும் பூஜை அறையைச் செல்லாத பகுதி என்று குறித்துவிடுங்கள். வரைபடம் அழிந்து மறுபடி போட்டால் இந்தக் குறிப்பும் போய்விடும். அப்போது மறக்காமல் மீண்டும் குறிக்க வேண்டும். இதையெல்லாம் நம்பாமல் கதவைச் சாத்துவது இன்னும் உத்தமம்.

அரிசி மாவுக் கோலத்தை ரோபோ பெருக்கினால் பாதியை உறிஞ்சும், மீதியைப் பக்க பிரஷ் அறை முழுக்க வீசும். துடைக்கும் துணியும் மாட்டியிருந்தால் மாவு பசையாகிச் சக்கரத்தில் ஒட்டும், எறும்பு வரும். கோலத்தைக் கையால் பெருக்கி எடுத்துவிட்டு அப்புறம் ரோபோவை விடுங்கள். விபூதி சிந்தியிருந்தாலும் அப்படித்தான். அவ்வளவு நைசான பொடி ஃபில்டரின் மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். வெளியே பார்க்கச் சுத்தமாகத் தெரியும், உறிஞ்சும் வேகம் மட்டும் நாளுக்கு நாள் குறையும்.

டொங்காட் வாசகர்: கரும்பு எரிக்கும் மாதங்களில் வராந்தா முழுக்கக் கரி. வீட்டுக்குள்ளும் வருகிறது. ரோபோ இதைச் சமாளிக்குமா?

வீட்டுக்குள் வந்ததை, முறையாகச் செய்தால் சமாளிக்கும். கரும்புத் தோகைச் சாம்பல் பார்க்கப் பெரிய செதிலாக இருக்கும், தொட்டால் தூளாகிக் கறுப்பாகத் தீற்றும். அதனால் பெருக்குவதையும் துடைப்பதையும் ஒரே ஓட்டத்தில் செய்யச் சொல்லாதீர்கள். பின்னால் வரும் ஈரத்துணி, பக்க பிரஷ் உடைத்துவிட்ட தூளை வெள்ளை டைல்ஸ் முழுக்கக் கோடு கோடாக இழுத்துவிடும். முதலில் துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்த நிலையில் ஒரு ஓட்டம். குப்பைப் பெட்டியைக் கொட்டி, ஃபில்டரைத் தட்டுங்கள். பிறகு சுத்தமான துணியோடு இரண்டாவது ஓட்டம். ஹால் பெரியதாக இருந்தால் பாதியில் துணியை மாற்றுங்கள். ஆலை ஓடும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நாலு துணியாவது கைவசம் இருக்கட்டும்.

வராந்தாவுக்கு ரோபோ வேண்டாம். மழைச் சாரல் ஒரு பக்கம். நேர் வெயில் சென்சார்களைக் குழப்புவது இன்னொரு பக்கம். அங்கே விளக்குமாறுதான்.

துடைக்கும் தொட்டியில் ஹேண்டி ஆண்டி க்ளீனர், ஜிக் ப்ளீச், வினிகர் எதையும் ஊற்றாதீர்கள். நுரை வந்தால் சின்னப் பம்ப் காற்றைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும்; ப்ளீச் ரப்பர் குழாயை இறுகச் செய்யும். தயாரிப்பாளர் சொல்லும் திரவம் இல்லையென்றால் வெறும் குழாய்த் தண்ணீர் போதும். பழைய வீடுகளில் மரக்கட்டை பதித்த பார்க்கே தரை இருந்தால் அந்த அறைக்குத் தண்ணீரே வேண்டாம். இடுக்கில் ஈரம் இறங்கினால் கட்டைகள் உப்பிக் கிளம்பும்.

ஃபீனிக்ஸ் வாசகர்: ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்? இன்வெர்ட்டரில் போடலாமா?

2023இல் மின்வெட்டால் பட்ட பாடு இப்போது இல்லை என்றாலும், கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் ஓயவில்லையே. ரோபோ தன் பேட்டரியில் ஓடுவதால் வேலை நிற்காது. சிக்கல் திரும்பி வரும்போதுதான். டாக் எனும் சார்ஜிங் மேடை அனுப்பும் அகச்சிவப்பு சைகையை வைத்துத்தான் கடைசி அரை மீட்டரில் ரோபோ நேராக வந்து உட்காரும். மின்சாரம் இல்லாத மேடை சைகை அனுப்பாது. ரோபோ முன்னும் பின்னும் போய்ப் பார்த்துவிட்டு அருகிலேயே நின்றுவிடும். மின்சாரம் வந்ததும் வீட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள், அல்லது கையால் தூக்கி வையுங்கள். ரௌட்டரும் அணைந்திருப்பதால் செயலி வேலை செய்யாது. ரோபோவின் மேல் இருக்கும் பொத்தான் வேலை செய்யும்.

சார்ஜ் மட்டும் செய்யும் சாதாரண மேடை சில பத்து வாட்தான் இழுக்கும், எந்த இன்வெர்ட்டரும் தாங்கும். குப்பையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் மேடை அப்படியல்ல. அந்தச் சில விநாடிகளுக்கு 1,000 வாட் அளவுக்குக் கேட்கும்; சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே ட்ரிப் ஆகி நின்றுவிடும். இன்வெர்ட்டரில் ஓடும்போது தானியங்கிக் காலி செய்தலைச் செயலியில் அணைத்து வையுங்கள். மின்சாரம் திரும்பும் கணத்தில் வரும் அதிக வோல்ட்தான் மேடைகளைக் கொல்வது. சர்ஜ் பாதுகாப்புப் பிளக் ஒன்றில்லாமல் செருகாதீர்கள்.

லெனேசியா வாசகி: சென்னையிலிருந்து அண்ணன் வருகிறார். அங்கே வாங்கி வரச் சொல்லலாமா?

மின்சாரம் பொருந்தும்: இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மேடையின் ஒயர் தனியாகக் கழலும் ரகமாக இருந்தால், நம் ஊர் பிளக் வைத்த அதே வகை ஒயரை இங்கே வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அடாப்டரே தேவையில்லை. பேட்டரியும் தடையாகாது. 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி என்றால் கிட்டத்தட்ட 75 வாட் மணி. பொதுவாக விமான நிறுவனங்கள் வைக்கும் 100 வாட் மணி வரம்புக்குள்தான் இருக்கிறது. உதிரியாக இன்னொரு பேட்டரி வாங்கினால் அதைக் கைப்பையில்தான் கொண்டு வர வேண்டும்.

இடிப்பது வேறு இடம். சில பிராண்டுகள் ஒரு நாட்டுக்காக விற்ற ரோபோவை இன்னொரு நாட்டுச் சர்வரில் சேர்க்க விடாது. செயலியில் இந்தியா என்று தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம், எல்லாவற்றிலும் நடக்காது. வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. இங்கே வாங்கினால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் பழுதென்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பது உங்கள் விருப்பம். ஆன்லைனில் வாங்கினால், கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் அண்ணன் பெட்டியில் வேறு ஏதாவது வரட்டும்.

மியர்பேங்க் வாசகர்: வாங்கி 14 மாதம். மேடையில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் சில நாள் சார்ஜ் ஏறுவதில்லை. கரகரவென்று சத்தமும் வருகிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரி வாங்க ஓடாதீர்கள். கடற்கரை ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்புக்காற்றை. ரோபோவின் அடியில் இரண்டு உலோகத் தகடுகளும், மேடையில் அவற்றுக்கு நேராக இரண்டும் இருக்கும். மங்கியோ பச்சையாகவோ இருந்தால் மின்சாரம் விட்டு விட்டுத்தான் போகும். மேடையின் பிளக்கைக் கழற்றி, மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு நாலையும் துடையுங்கள். கறை போகவில்லையென்றால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கலாம். உப்புக்காகிதம் வேண்டாம், முலாம் உரிந்துவிடும். முழு சார்ஜுக்குப் பின்னும் பழைய நேரத்தில் பாதிகூட ஓடவில்லை என்றால்தான் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அதற்கும் சாதாரணமாக இரண்டு மூன்று வருடம் ஆகும்.

கரகர சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் தலைமுடி. உருளை பிரஷைக் கழற்றி நடுவில் சுற்றியதைக் கத்தரித்தால் மட்டும் போதாது. இரண்டு முனைகளிலும் இருக்கும் மூடியை இழுத்துப் பாருங்கள். உள்ளே முடி வளையமாக இறுகியிருக்கும். அதன் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி பிரஷே வீணாகும். முன்சக்கரத்தையும் பிடுங்கி அச்சைப் பாருங்கள். நீள முடிக்காரர்கள் உள்ள வீட்டில் இது வாரம் ஒரு முறை செய்கிற வேலை. கடற்கரை மணல் உள்ளே வருகிற வீடென்றால் சக்கரப் பற்களிலும் மணல் அரைபடும். செருப்பை வாசலிலேயே உதறுவதுதான் வழி.

ஃபில்டரைக் கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் கழுவுங்கள். டர்பன் பக்கத்துக் கோடைப் புழுக்கத்தில் 24 மணி நேரம் காயவைத்தும் நடுவில் ஈரம் நிற்கும். 48 மணி நேரம் விடுங்கள், வெயிலில் அல்ல, நிழலில். ஈரமாக மாட்டினால் தூசி சேறாகும், பூஞ்சை வாடை வரும், மோட்டார் திணறும். அதனால்தான் இரண்டு ஃபில்டர் வைத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்வது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: தானே குப்பையைக் காலி செய்யும் மேடைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

நாய் வளர்த்தால், அல்லது தூசி ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால் 400 மி.லி. பெட்டியைக் கொட்ட அரை நிமிடம்தான். மேடைக்குள் குப்பை சேரும் பையின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், அது தீராத செலவு. துடைக்கும் துணியைத் தானே கழுவும் மேடையில் அழுக்குத் தண்ணீரை அன்றன்றே கொட்ட வேண்டும். கோடையில் இரண்டாம் நாளே நாறும், கரப்பான் வரும்.

ஆம்லாங்கா வாசகர்: மாடி வீடு. இரண்டு ரோபோ வேண்டுமா?

ஒன்று போதும். பல தளங்களின் வரைபடத்தைச் சேமிக்கும் மாடலா என்று மட்டும் பாருங்கள். மேடையைக் கீழே வைத்துவிட்டு, முழு சார்ஜ் ஏறியதும் ரோபோவை மாடிக்குத் தூக்கிப் போய் விடுங்கள். முடிந்ததும் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும். கையில் எடுத்துக் கீழே கொண்டு வாருங்கள். எடை பெரும்பாலும் 3, 4 கிலோதான்.