முதல்முறை வளர்க்க எந்த மலைப்பாம்பு சாது?

கையில் எடுக்கத் தோதான, அவ்வளவாகக் கடிக்காத மலைப்பாம்பு எது என்று கேட்டிருக்கிறீர்கள். பால் பைத்தான் (ball python, அதாவது பந்து மலைப்பாம்பு) என்பேன். கானா, டோகோ, பெனின் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. பயந்தால் பெரும்பாலும் கடிக்க வராது. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருளும். பெயரே அதனால்தான். நான்கைந்து அடிதான் வளரும்.

பர்மிய மலைப்பாம்பும் பொதுவாகச் சாதுதான். ஆனால் 15 அடியைத் தாண்டக்கூடிய உடம்பு. பசியில் ஒருமுறை தவறாகக் கவ்வினாலும் ஆபத்து.

இனத்தைவிட அந்தக் குட்டியைப் பாருங்கள். காட்டில் பிடித்தது வேண்டவே வேண்டாம், வளர்ப்பில் பிறந்ததையே கேளுங்கள். வாங்கும் இடத்திலேயே கையில் எடுங்கள். நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி, விரல்களுக்கிடையே மெல்ல ஊர்ந்தால் நல்லது. கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துச் சீறிக்கொண்டே இருந்தால் யோசியுங்கள். ஒன்று: கண் பால் படர்ந்ததுபோல் நீலம் பாய்ந்திருந்தால் தோலுரிக்கப் போகிறது. பார்வை மங்கியிருக்கும், மிரளும். அதை வைத்துக் குணத்தை முடிவுகட்டாதீர்கள், பாவம். இரண்டு வாரம் கழித்துப் போங்கள்.

அப்புறம், அது இரை எடுப்பதையும் நேரில் பார்த்துவிடுங்கள். பால் பைத்தான் சில சமயம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். இரை விழுங்கிய பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது.

இந்தியாவில் இருக்கிறீர்களா? நம்மூர் மலைப்பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.