தாத்தா கொண்டுவந்த செப்புத்திருமேனிக்கு என்ன மதிப்பு?

கேள்வி: மாயவரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1950-களில் பெங்களூருக்கு வேலைக்கு வந்த என் தாத்தா, ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமுள்ள நர்த்தன கிருஷ்ணர் விக்கிரகம் ஒன்றைக் கொண்டுவந்து மல்லேஸ்வரம் வீட்டுப் பூஜையறையில் வைத்திருந்தார். இப்போது வீட்டை விற்றுப் பாகம் பிரிக்கிறோம். ஒரு பழம்பொருள் வியாபாரி, "சோழர் காலம், கோடிக்கணக்கில் போகும்" என்கிறார். இன்னொருவர், "புதுப் பித்தளை, எடைக்குத்தான் விலை" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தம்பி அதைத் தன்னோடு எடுத்துச் செல்ல ஆசைப்படுகிறான். பீடத்தில் நான்கு துளைகள் உள்ளன. படங்களை இணைத்துள்ளேன். மதிப்பை எப்படி அறிவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: விலைக்குப் போகுமுன், திருமேனி யாருடையது என்று பார்த்துவிடுவோம். நர்த்தன கிருஷ்ணர் என்றால் வலக்கை பெரும்பாலும் அபயம் காட்டும், அல்லது வெண்ணெய் உருண்டையை ஏந்தியிருக்கும். காளிங்கன்மேல் ஆடுபவராக இருந்தால் காலடியில் நாகமும் கையில் அதன் வாலும் இருக்கும். உங்கள் படங்களில் இவை எதுவும் இல்லை. வலக்கைச் சுட்டுவிரல் மேல்நோக்கி நீண்டிருக்கிறது. சீர்காழிக் குளக்கரையில், பால் கொடுத்தது யார் என்று தந்தை கேட்க, விரலை உயர்த்திக் காட்டிய திருஞானசம்பந்தரின் அடையாளம் அது. ஆடும் குழந்தை வடிவத்தில் இருவரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், இல்லங்களில் மட்டுமல்ல, அருங்காட்சியகங்களிலும் இந்தக் குழப்பம் நேர்வதுண்டு. படத்தை மட்டும் வைத்துப் பார்க்கையில் உங்களுடையது சம்பந்தர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பெயர் மாற்றம் சிறிய செய்தி அன்று. நாயன்மார் திருமேனிகள் பெரும்பாலும் சிவன் கோயில்களுக்கென வார்க்கப்பட்டவை. பீடத்துத் துளைகள், திருவிழாவில் உலாக் கொண்டுபோகத் தண்டுகளைச் செருகிக் கட்டுவதற்காக உள்ளவை. வீட்டுப் பூஜை விக்கிரகத்துக்கு அவை தேவையில்லை, அளவும் பொதுவாகச் சில அங்குலங்களைத் தாண்டாது. ஆனால் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மரபு மாறாமல் துளையோடுதான் வார்க்கிறார்கள் என்பதால், துளையை மட்டும் வைத்துக் காலத்தையோ கோயிலையோ முடிவுசெய்ய இயலாது. உங்கள் தாத்தா அதை விலைக்கு வாங்கினாரா, யாரேனும் கொடுத்தார்களா, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய கடிதமோ, பூஜையறையில் அந்தக் காலத்தில் எடுத்த படமோ கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களின் நடுவிலிருந்து தமிழகக் கோயில் திருமேனிகளைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறது. களவுபோன பல சிலைகள் அந்தப் படங்களின் உதவியால்தான் அடையாளம் காணப்பட்டன. உங்கள் தாத்தா அதற்கு முன்பே கொண்டுவந்திருந்தால், அங்கே படம் இல்லை என்பதிலிருந்து எதையும் முடிவுசெய்துவிட முடியாது.

காலத்தைக் கணிப்பது இதைவிடக் கடினம். உலோகத்துக்குக் கார்பன் காலக்கணிப்பு பொருந்தாது. உள்ளே களிமண் கரு வைத்து வார்த்த சிலையாக இருந்தால் அந்த மண் கடைசியாகச் சூடேறிய காலத்தைக் காட்டும் வெப்ப ஒளிர்வு முறையில் சோதிக்கலாம்; நம் தென்னாட்டுத் திருமேனிகளோ பெரும்பாலும் கனமாக வார்க்கப்பட்டவை, கருவே கிடையாது. ஆகவே காலம் தெரிந்த திருமேனிகளோடு ஒப்பிடுவதே முதல் வழி: கல்வெட்டால் 1011-ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டது என்று தெரியவந்துள்ள திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். ஒருமுறை போய் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்து உங்கள் சிலையின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். சோழர் கால ஸ்தபதி பின்புறத்தையும் முன்புறத்தைப் போலவே அக்கறையோடு முடித்திருப்பார். நுணுக்கங்களைப் பெரும்பாலும் வார்ப்புக்கு முன் செய்யும் மெழுகு உருவத்திலேயே வடித்துவிடுவார். வார்த்தபின் உளி வேலை அதிகம் நடந்திருப்பது பிற்காலப் பணிக்கு அடையாளம். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்ட திருமேனியில் மூக்கும் கன்னமும் வழவழப்பாகத் தேய்ந்திருக்க, நகைகளின் இடுக்குகள் கூர்மையாகவே இருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

உலோகக் கலவையும் ஓரளவு பேசும். துத்தநாகம் மிகுந்திருந்தால், அதாவது பித்தளை என்றால், சோழர் காலம் என்ற பேச்சு நிற்காது. உங்கள் ஊரிலேயே தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் சாரதா சீனிவாசன், தென்னிந்தியத் திருமேனிகளை, கலவையில் உள்ள ஈயத்தின் அணுவகை விகிதங்களைப் பார்க்கும் ஈய ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்து காலவாரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். எக்ஸ்-கதிர் கருவியை மேலே வைத்துப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சான்றிதழ் தருபவர்களை நம்ப வேண்டாம். அது மேற்பரப்பை மட்டுமே காண்கிறது, அங்கே களிம்பும் முலாமும் கணக்கைக் குழப்பிவிடும்.

தம்பியின் ஆசை, சிலை பழமையானதாக இருந்தால், நிறைவேறாது. 1976-இல் நடைமுறைக்கு வந்த 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பத்தைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் பதிவு அதிகாரியிடம் பதிய வேண்டும். பாகப்பிரிவினையில் கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். புதியது என்று தெரிந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுத் தாராளமாக அனுப்பலாம். பெங்களூரு வட்ட அலுவலகத்திலிருந்தே தொடங்குங்கள்.

வியாபாரி சொன்ன கோடிகள் வெளிநாட்டு ஏலச் செய்திகளிலிருந்து வந்தவை. ஏற்றுமதிக்கு வழியில்லாத பொருளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, கோயிலுடையது என்றால் எந்தக் கணக்குமே பொருந்தாது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி, 2014-இல் இந்தியாவிடம் ஒப்படைத்தது. பத்தூர்க் கோயிலிலிருந்து வெளியேறி லண்டனில் அகப்பட்ட நடராசர் வழக்கில், கோயிலே தன் உடைமையைக் கேட்டு வழக்காடலாம் என்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் ஏற்றுக்கொண்டது. பதிவு முடியும்வரை எந்த வியாபாரியிடமும் முன்பணம் வாங்காதீர்கள். உரிமம் இல்லாதவரிடம் பேசவே வேண்டாம்.

கேள்வி: அல்சூர் வீட்டில் உள்ள பழைய ஐம்பொன் அம்மன் சிலையில் பச்சை படர்ந்திருக்கிறது. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: வேண்டவே வேண்டாம். கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பு உலோகத்துக்குக் காப்பு, காலத்துக்குச் சாட்சியும் அதுதான். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும், உப்பில் உள்ள குளோரைடு புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடியாக இருந்தால் அரிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். அபிஷேகத்தை நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.