கண்ணை விட்டுவிட்டு முடி ஒட்டுங்கள்: ஓநாய் மனிதன் கேள்வி-பதில்

பேய், ரத்தக்காட்டேரி எல்லாம் ஓய்ந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓநாய் மனிதன்தான். நாடகத்துக்கு மேக்கப் போட்டுப் பழகியவன் நான், அதனால் கதையை விட முகத்தையும் முடியையும் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

மனிதன் ஓநாயாக மாறுவதை மிக நன்றாகக் காட்டிய படம் எது? (திருமங்கலம்)

1981-ல் வந்த ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ரிக் பேக்கர் செய்த வேலை. சிறந்த மேக்கப்புக்கு ஆஸ்கரில் தனிப் பிரிவு தொடங்கியதும் அந்த விருதை முதலில் வாங்கியவர் அவர்தான். அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். சாதாரண வீட்டுக் கூடம், விளக்கு எல்லாம் எரிகிறது, ஒளிந்துகொள்ள இருட்டே இல்லை. கை நீள்கிறது, முதுகெலும்பு புடைக்கிறது, அவன் வலியில் கத்துகிறான். முடி வளர்வது மட்டும் தலைகீழ் வேலை: செயற்கைத் தோலில் இருந்து முடியை உள்ளே இழுத்துப் படம் பிடித்து, பிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதே வருஷம் வந்த ‘தி ஹவ்லிங்’ படத்தில் ராப் பாட்டின் செய்ததும் பெரிய வேலைதான், தோலுக்கு அடியில் பைகளை வைத்துக் காற்றடித்து முகத்தைக் கொப்புளம் கொப்புளமாக எழுப்பினார். ஆனால் அதில் எதிரே நிற்கிற பெண் ஓடாமல் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், அங்கே நம்பிக்கை போய்விடுகிறது. மேக்கப்காரர் மேல் தப்பில்லை.

ஓநாய் மனிதன் படத்தில் மேக்கப் நன்றாக இருந்ததா, இல்லையா? (பெயர், ஊர் இல்லை)

எந்தப் படம்? ஏறக்குறைய இதே பெயரில் 1941-ல் ஒன்று, 2010-ல் ஒன்று, 2025-ல் ஒன்று இருக்கிறது. வருஷம் எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! சரி, மூன்றுக்கும் ஒவ்வொரு வரி. 1941: மேக்கப்காரர் ஜாக் பியர்ஸ் யாக் மாட்டின் முடியை ஒட்டிச் செய்தது, இன்றைக்கும் ஓநாய் மனிதன் என்றால் உலகத்துக்கு ஞாபகம் வருகிற முகம் அதுதான், கண்ணும் வாயும் நடிகருக்கு மிச்சம் இருப்பதால் உயிரோடு இருக்கிறது. 2010: மேக்கப் அருமை, மாறுகிற காட்சி சுமார். 2025: நோய் பிடித்தது போல மெல்ல மெல்ல மாற்றலாம் என்ற யோசனை நல்லது, முடிவில் வந்து நிற்கிற உருவம் ஓநாயாகவும் இல்லை மனிதனாகவும் இல்லை.

பௌர்ணமியில் ஓநாயாக மாறுவது, வெள்ளித் தோட்டாவால் சாவது எல்லாம் ஐரோப்பாவின் பழைய நம்பிக்கைதானே? அதை மாற்றினால் படம் கெட்டுவிடாதா? (உசிலம்பட்டி)

வெள்ளிக்குப் பழைய கதைகளில் இடம் உண்டு. ஆனால் இன்று நாம் சட்டம் போலச் சொல்வதில் பெரும்பகுதி சினிமா கட்டியது, முக்கியமாக 1941 படத்துக்குக் கதை எழுதிய கர்ட் சியோட்மாக். அந்தப் படத்தில் பௌர்ணமி கூடக் கிடையாது. இலையுதிர் கால நிலா என்று ஒரு பாட்டில் வரும், அவ்வளவுதான். 1943-ல் வந்த அடுத்த படத்தில்தான் அந்த வரியை முழு நிலாவாக மாற்றினார்கள். அதனால் தாராளமாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு படம் முடியும் வரை அதிலேயே நில்லுங்கள்.

குறும்படம் எடுக்கிறோம். ஓநாய் மனிதனுக்கு ஃபர் துணி வாங்கி, முகத்துக்கும் உடம்புக்கும் வெட்டி ஒட்டிவிடலாம் என்று இருக்கிறோம். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். எந்தப் பிராண்ட் பசை நல்லது? (அருப்புக்கோட்டை)

பசையைப் பற்றி அப்புறம் பேசுவோம். முகத்தில் ஃபர் துணியை ஒட்டாதீர்கள். இதை முன்னேயும் எழுதியிருக்கிறேன், இனிமேலும் எழுதுவேன். படத்தில் வருகிற ஓநாய் மனிதன் பொம்மை கரடியாகத் தெரிவதற்குப் பத்துக்கு எட்டு இடத்தில் காரணம் இந்தத் துணிதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஃபர் துணியில் முடி எல்லாம் ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். உண்மையான ஓநாய்க்கு இரண்டு அடுக்கு: மேலே நீளமான முரட்டு முடி, உள்ளே குட்டையாக மெத்தென்ற ரோமம். ஒரே முடியிலேயே அடியில் ஒரு நிறம், நுனியில் ஒரு நிறம் இருக்கும். அதோடு இது முழு ஓநாயும் இல்லை, மனிதன். மனித உடம்பில் முடி இடத்துக்கு இடம் திரும்பும். உங்கள் முன்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முடி சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நெற்றியில் ஒரு போக்கு, கன்னத்தில் ஒரு போக்கு, கழுத்தில் இன்னொன்று. பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது, ஆனால் தப்பாக இருந்தால் ‘என்னமோ சரியில்லை’ என்று உடனே தெரிந்துவிடும். கடைசியாக, துணிக்குப் பின்னால் இருக்கிற கெட்டியான அடித்துணி. அது முகத்தை மூடிவிட்டால் நடிகர் உள்ளே அழுதாலும் சிரித்தாலும் வெளியே ஒன்றும் வராது. கல்லூரிப் பையன்கள் சிலர் ஷூட்டிங்குக்கு முந்தின நாள் அப்படி ஒரு முகத்தைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்து, இதைப் பயமாக மாற்றித் தாருங்கள் என்றார்கள். நல்ல நடிகன் அந்தப் பையன், அவன் முகத்தையே காணோம். அந்த முகத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

செய்ய வேண்டியது இது. நாடகக்காரர்கள் தாடிக்கு வைத்திருக்கிற கிரேப் முடியை வாங்குங்கள். மதுரை நாடக ஊர். மேக்கப் போடுகிற பெரியவர் யாரையாவது பிடித்தால் எங்கே கிடைக்கும் என்று அவரே சொல்லிவிடுவார். கறுப்பு, பழுப்பு, சாம்பல் என்று மூன்று நிறம் எடுத்து நனைத்து நீட்டிக் காயவையுங்கள், பிறகு கையால் பிரித்துக் கலந்துகொள்ளுங்கள். ஸ்பிரிட் கம் என்கிற மேக்கப் பசையைச் சின்ன இடத்தில் மட்டும் தடவி, அது பிசுபிசுப்பாகும் வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒட்ட வேண்டும். தாடைக்கு அடியில் ஆரம்பித்து வரிசை வரிசையாக மேலே ஏறுங்கள். கிடுகு வேய்கிறவர் கீழிருந்து மேலே போகிற மாதிரி, மேல்வரிசை கீழ்வரிசையின் அடியை மறைக்க வேண்டும். கண்ணைச் சுற்றி, மூக்கின் மேல், உதட்டோரம் தோல் தெரியட்டும். விளிம்பில் முடி போகப் போகக் குறைந்து தோலோடு கரைய வேண்டும், கத்தரித்த கோடு மாதிரி நிற்கக் கூடாது. உடம்புக்கு வேண்டுமானால் ஃபர் துணியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் டிரிம்மரால் அங்கங்கே நீளத்தைக் குறைத்து, தண்ணீராகக் கரைத்த அக்ரிலிக் சாயத்தை முதுகுப் பக்கம் தொட்டுச் சீவிய பிறகு. தைப்பதற்கு ஆள் வேண்டும் என்றால் புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையல்காரர்களைப் பாருங்கள், அழகர் வேஷம் தைக்கிற கை.

பசைக்கு வருகிறேன். பிராண்ட் எதுவானாலும் முதல் நாளே நடிகரின் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவிப் பாருங்கள், தடிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். இமைப் பக்கம் போகவே போகாதீர்கள். மரவேலைப் பசை, செருப்புப் பசை, உடனே ஒட்டுகிற பசை எதுவும் முகத்துக்கு ஆகாது. கழற்றும்போது பிய்க்காதீர்கள், அதற்கென்று இருக்கிற திரவத்தால் ஊறவைத்து எடுங்கள்.

இவ்வளவுக்கும் முகம் ஒன்றுக்கே மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். நேரமில்லை என்றால் முகத்தைக் காட்டாமல் எடுங்கள். 1941 படத்திலேயே அவன் ஓநாயாக மாறும்போது காட்டியது கால்களை மட்டும்தான். முகம் மாறுவதைக் கடைசியில் அவன் செத்துக் கிடக்கும்போதுதான் காட்டினார்கள், அதுவும் ஓநாயில் இருந்து மனிதனாக.

என் மகனுக்குப் பத்து வயது. நீங்கள் அடிக்கடி புகழ்கிற 1981 படத்தைக் காட்டலாமா? (வில்லாபுரம்)

வேண்டாம் அம்மா. அது பெரியவர்கள் படம், ரத்தம் அதிகம். 1941 படத்தைப் போட்டுக் காட்டுங்கள், கறுப்பு வெள்ளை, 70 நிமிஷம்தான், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஓநாய்க்கு முட்டி பின்பக்கம் மடங்கும். அதை மனிதக் காலில் எப்படிக் காட்டுவது? (வாடிப்பட்டி)

மடங்காது. இந்தத் தப்பைப் பெரிய படங்களே செய்கின்றன. ஓநாயும் நாயும் விரல்களில் நடக்கின்றன. பின்பக்கம் மடங்கியது போலத் தெரிகிற மூட்டு முட்டி இல்லை, குதிகால். முட்டி அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையது மாதிரியேதான் மடங்கும். தெற்கே கொஞ்ச தூரம் போனால் சிப்பிப்பாறை நாயும் ராஜபாளையம் நாயும் இருக்கிற ஊர்க்காரர் நீங்கள். சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பே கிடையாது, ஒவ்வொரு மூட்டும் தனியாகத் தெரியும். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அது நடப்பதையும் படுப்பதையும் எழுவதையும் வரைந்து பாருங்கள். ரிக் பேக்கரே அந்த 1981 ஓநாய்க்குத் தன் வீட்டு நாயைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார். மனித நடிகருக்குக் காலில் கட்டை வைத்து உயரம் கூட்டலாம், 2002-ல் வந்த ‘டாக் சோல்ஜர்ஸ்’ அப்படிச் செய்து நெடுநெடுவென்று நிற்கிற ஓநாய்களைக் காட்டியது, சின்னச் செலவில் எடுத்த படம். ஆனால் கட்டையில் நடக்கப் பழகாதவரை ராத்திரி நேரத்தில் வரப்பில் ஓடவிடாதீர்கள்.

கம்ப்யூட்டரில் செய்கிற ஓநாய் ஏன் ஏமாற்றமாகவே இருக்கிறது? (கே.கே. நகர்)

எல்லாமே அப்படியில்லை. கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று எடை. பாய்ந்து இறங்கினால் தோள் அமுங்க வேண்டும், தரையில் தூசு எழ வேண்டும், ஒரு நொடியாவது தடுமாற வேண்டும். 1997-ல் லண்டன் படத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்த ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் பாரிஸ்’ படத்தில் ஓநாய்கள் தரையைத் தொடாமல் மிதக்கின்றன, பார்க்கவே பாவமாக இருக்கும். இன்னொன்று வலி. மாறுவது சுலபமாக இருந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். மூன்று நொடியில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓநாய் வந்துவிட்டால் அந்த மனிதன் எங்கே போனான்? 2010 படத்தில் எனக்கு வருத்தமே இதுதான். ரிக் பேக்கரையே கூப்பிட்டுவிட்டு, மாறுகிற காட்சியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். அந்தப் படத்துக்கும் மேக்கப் ஆஸ்கர் கிடைத்தது, அது மாறி முடித்த முகத்துக்கு.

2004 ஹாரி பாட்டர் படத்தில் முடியே இல்லாத ஓநாய் வருகிறதே? (தெப்பக்குளம்)

ஒல்லியான உடம்பில் வேதனை தெரிகிறது, பயம் தெரியவில்லை. ஓநாயாக மாறுகிற அந்தப் பள்ளி ஆசிரியர் மேல் பரிதாபம் வர வேண்டிய கதை என்பதால் ஒத்துக்கொள்கிறேன்.

மஞ்சள் நிற லென்ஸ் ஆன்லைனில் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? (மேலூர்)

வாங்காதீர்கள். கண் மருத்துவத்துக்குப் பேர் போன ஊர் பக்கத்தில் இருக்கிறது, டாக்டரிடம் காட்டி, அளவு எடுத்து, போடவும் கழற்றவும் கற்றுக்கொண்டு போடுங்கள். ஒரு லென்ஸை இரண்டு நடிகர்கள் மாற்றி மாற்றிப் போடவே கூடாது. உண்மையில் லென்ஸ் இல்லாமலே நன்றாக இருக்கும். முகம் முழுக்க ஓநாயாகி, கண் மட்டும் பழைய மனிதனுடையதாக இருந்தால் அதை விடப் பயமும் பரிதாபமும் வேறு எதிலும் இல்லை.

நம் பக்கம் ஓநாயே இல்லை. நரி மனிதன் என்று எடுத்தால் சிரிப்பார்களா? (அலங்காநல்லூர்)

இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது இது. தமிழ்நாட்டில் ஓநாய் மிகக் குறைவு, நரி ஊளை கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். 1992-ல் இந்தியில் ‘ஜுனூன்’ வந்தது, அதில் மனிதன் புலியாக மாறுவான். மிருகம் மாறுவதில் தப்பே இல்லை. ஆனால் நரி பத்து கிலோதான் இருக்கும், அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் அங்கேதான் சிரிப்பார்கள். ஆளை ஒல்லியாகத் தேர்ந்தெடுங்கள், குனிந்து ஓட வையுங்கள், பாதி நேரம் கரும்புக்குள்ளேயே வைத்திருங்கள். முதுகில் கறுப்பும் சாம்பலும் கலந்த முடி, விலாவில் செம்மண் பழுப்பு. ஊளையைப் பழைய சினிமா ஒலித்தட்டில் இருந்து எடுக்காதீர்கள், அது வேறு நாட்டு ஓநாய். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் வயல் பக்கம் போய் நீங்களே பதிவு செய்யுங்கள், ஒன்று ஆரம்பித்தால் மற்றவை சேர்ந்துகொள்ளும். முகத்துக்கு முடி ஒட்டும் முன்னால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்தது.