வெறும் தார் ரோட்டுக்குப் பத்து பிளை டயரா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என்னுடையது ஹைலக்ஸ் 2.4 பிக்அப், அசல் டயர் அளவு 265/65 ஆர்17. வாரத்தில் ஆறு நாள் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டத்துக்குள் போவேன். எப்போதாவது உரமூட்டை ஏற்றுவேன். போன மாதம் மழையில் சந்தியில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வழுக்கி இழுத்துவிட்டது. டயர் கடைக்காரர், "ரோட்டு டயர் சரிப்படாது. முரட்டு ஆர்டி டயர் போடுங்கள், எல்டி பத்து பிளை, அளவை 265/70 ஆக்கிக்கொள்ளலாம், நாலுக்கும் 3,200 வெள்ளி" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நீங்கள் வழுக்கியது தாரில். அவர் விற்கப் பார்ப்பது சேற்றுக்கும் கல்லுக்கும் செய்த டயர். எல்டி என்றால் பாரம் சுமக்கச் செய்த 'லைட் டிரக்' வகை, பத்து பிளை என்பது அதன் உறுதியின் தரம். ஈரத் தாரில் அந்த டயர் நல்ல ரோட்டு டயரைவிட அதிகமாக வழுக்கும்.

ஈரத் தாரில் பிடிமானம் கிடைப்பது இரண்டு விஷயத்தால். ரப்பர் மென்மையாக இருந்து தாரில் ஒட்ட வேண்டும். கட்டைகளின் மேல் பிளேடால் கீறியதுபோல நெருக்கமான மெல்லிய வெட்டுகள் இருந்து, நீர்ப்படலத்தை வழித்துவிட வேண்டும். முரட்டு டயரில் இரண்டுமே குறைவு. கல் கிழிக்கக் கூடாதென்று ரப்பரைக் கெட்டியாக்குவார்கள். சேறு வெளியேற வேண்டுமென்று கட்டைகளுக்கு நடுவே அகலமாக இடைவெளி விடுவார்கள். இடைவெளி கூடினால் தாரில் படும் ரப்பர் குறையும். பார்வைக்குப் பிடித்துக்கொள்ளும்போல் இருக்கும், பிரேக்கை மிதித்தால்தான் தெரியும்.

பின்பக்கம் ஏன் வழுக்கியது? காலி வண்டி. பிக்அப்பில் எஞ்சின், ஆட்கள் என்று பாரமெல்லாம் முன்னால் இருக்கிறது. பின்னால் பாரம் சுமக்கச் செய்த பட்டை ஸ்பிரிங்கும் வெறும் பெட்டியும்தான். ரோட்டில் ஓடும்போது இழுப்பது பின்சக்கரம், டீசல் எஞ்சினோ மெல்ல மிதித்தாலே இழுத்துவிடும். இதோடு தோட்டத்துச் சந்திகளில் குலை லோரி கொண்டுவந்து போடும் செம்மண்ணும் சேர்கிறது. முதல் மழையில் அது சோப்புத் தண்ணீர்தான். வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழுவிவிட ஒரு தண்ணீர் வண்டி போதும். தோட்டம் ஊராட்சியைக் கைகாட்டும், ஊராட்சி தோட்டத்தைக் கைகாட்டும். ஓட்டுகிறவர் 3,200 வெள்ளியில் டயர் தேடுகிறார்!

காசை எடுக்குமுன் இரண்டைப் பாருங்கள். முதலாவது காற்று. உரமூட்டை ஏற்றும்போது பின்டயரில் காற்றைக் கூட்டுவோம், இறக்கியபின் குறைக்க மறந்துவிடுவோம். காலிப் பெட்டியும் இறுகிய டயரும் சேர்ந்தால் நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டில் படும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவை, காலையில் டயர் சூடேறுமுன் பிடியுங்கள். பெட்ரோல் நிலையத்துக் கருவி கேபிஏ கணக்கில் காட்டினால், 200 என்பது 29 பிஎஸ்ஐ, 240 என்பது 35. இரண்டாவது தேய்மானம். 'புங்ஙா' தேய்ந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வார்களே, அந்தப் பள்ளத்தின் ஆழம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும், ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மழைக்கு நம்ப முடியாது. உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றிலும் அளந்து பாருங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதலாக ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் என்றால் எலைன்மென்ட் கோளாறு, அதைச் சரிசெய்யாமல் எந்த டயர் போட்டாலும் அதுவும் அப்படியே போகும்.

தேய்ந்துதான் போயிருக்கிறது என்றால், உங்களுக்கு ஏற்றது அதே 265/65 ஆர்17 அளவில், எல்டி அல்லாத சாதாரண வகையில், மிதமான ஏடி டயர், அதாவது தாருக்கும் மண் பாதைக்கும் பொதுவானது. பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் 112 எஸ் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை. நாலு டயரும் சேர்ந்து 4,480 கிலோ. உங்கள் ஹைலக்ஸ் முழு பாரத்தோடும் மூன்று டன் சுற்றிலும்தான் வரும். ஐம்பது கிலோ மூட்டை பத்து ஏற்றினாலும் அரை டன். பத்து பிளைக்கு அங்கே வேலையே இல்லை.

கடையில் கம்பெனிப் பெயரைக் கேட்பதைவிட டயரைத் தரையில் கிடத்தச் சொல்லிக் கையால் தடவிப்பாருங்கள். நடுவிலுள்ள கட்டைகள் நெருக்கமாக, ஏறக்குறைய தொடர்ச்சியாக ஓட வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் குறைந்தது இரண்டு மூன்று நெளிவெட்டு இருக்க வேண்டும். நகத்தை விட்டுப் பாருங்கள். மேலோட்டமான கீறலாக இருந்தால் பாதி தேய்வதற்குள் மறைந்துவிடும், பிறகு மழைக்கு வெறும் ரப்பர் கட்டை. பக்கச் சுவரில் மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம் போட்டிருப்பதைக் காட்டி விலை கூட்டுவார்கள். அது பனிப்பொழிவுக்கான தேர்வில் தேறியதன் அடையாளம். சுங்கை சிப்புட்டில் பனி பெய்யும் வருடம் அதற்குக் காசு கொடுத்துக்கொள்ளலாம்.

எல்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பத்து பிளை என்பது 'இ' தரம். அதன் முழுச் சுமைத் திறன் 80 பிஎஸ்ஐ காற்றில்தான் கிடைக்கும். உங்கள் கதவு அட்டையிலுள்ள காற்றை அதில் அடித்தால் சாதாரண டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். காற்றைக் கூட்டினாலோ காலி வண்டி ஒவ்வொரு குழிக்கும் துள்ளும், தாரில் படும் பரப்பும் சுருங்கும். ஒவ்வொரு டயரும் நாலைந்து கிலோ கூடுதல் எடை, டீசலும் அதற்கேற்பப் போகும். மட்டை முள்ளுக்கு எல்டி நல்லது என்பார்கள். உண்மைதான், பனை மட்டையின் முள் பக்கச் சுவரில் ஏறினால் ஒட்டுப் போட முடியாது. ஆனால் வாரத்துக்கு ஒருநாள் போகிறவர் மட்டை அடுக்கிய வரிசையை விட்டு அறுவடைப் பாதையில் ஓட்டினால் போதும்.

விதிவிலக்கு ஒன்று, இதை மட்டும் தவறவிடாதீர்கள். எல்லா பிக்அப்பும் ஒன்றல்ல. பாரம் ஏற்றவே வாங்கும் ஒற்றைக் கேபின் வண்டிகள் சிலவற்றில் கம்பெனியே 'சி' எழுத்துப் போட்ட லோரி வகை டயரையோ எல்டியையோ மாட்டிக் கொடுத்திருக்கும். அளவின் கடைசியில் அந்த 'சி' இருக்கும், சுமைக் குறியீடு சாய்கோடு போட்டு இரண்டு எண்ணாக எழுதியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் சாதாரண டயருக்கு இறங்கவே கூடாது. விலை குறைவு, ஓட்ட மெத்தென்று இருக்கும் என்று மாற்றியவர்களின் டயர், குலை ஏற்றிக்கொண்டு வெயிலில் நெடுஞ்சாலையில் போகும்போது சூடேறிப் பக்கச் சுவர் வெடிக்கிறது. உங்கள் தம்பியோ பக்கத்துத் தோட்டக்காரரோ இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தம் வண்டிக்கும் அப்படியே செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கதவு அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குக் குறையக் கூடாது. தினமும் மேட்டுத் தோட்டத்திலிருந்து குலை இறக்குகிறவருக்கும் எல்டி நியாயம்தான்.

அளவைக் கூட்டும் பேச்சுக்கு வருவோம். 265/65 டயரின் உயரம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர், 265/70 என்றால் 803. வண்டி உயர்வது அதில் பாதி, வெறும் 13 மில்லிமீட்டர், சுண்டுவிரல் தடிமன். அதற்குப் பதிலாக, மீட்டர் அதே எண்ணைக் காட்டினாலும் உண்மை வேகம் 3.4 விழுக்காடு கூடிவிடும். மீட்டர் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதால் கிடைக்கும் தயவும் போய்விடும், நெடுஞ்சாலைக் கேமராவிடம் அதைச் சொல்லி வாதாட முடியாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்மட்காட்டில் உரசலாம். டயர் மட்காட்டைத் தாண்டி வெளியே நீட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும், மாட்டிவிட்ட கடைத் தவுக்கேயின் பெயருக்கு வராது.

"பின்னால் மட்டும் இரண்டு ஏடி போட்டுக்கொள்ளுங்கள்" என்பது இன்னொரு வழக்கம். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு உயரமுள்ள டயர் இருந்து, நாலு சக்கர கியரைப் போட்டால் கியர்ப்பெட்டி முறுக்கிக்கொள்ளும். நாலும் ஒரே அளவு, ஒரே புங்ஙா.

செகண்ட் ஹேண்ட் டயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விலையைக் கேட்டுத் தலைசுற்றி அங்கேதான் போவீர்கள். தேய்ந்த டயரின் பள்ளத்தைச் சூட்டுக் கத்தியால் ஆழமாக்கி, கறுப்புப் பூச்சு அடித்து அடுக்கியிருப்பார்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. டயரின் தோளில் சிறு முக்கோணக் குறி இருக்கும், அதற்கு நேரே பள்ளத்துக்குள் குறுக்காக ஒரு மேடு இருக்க வேண்டும். அந்த மேடு வெட்டுப்பட்டிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ தொடாதீர்கள், கத்தி டயருக்குள் இருக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போய்விட்டது. இப்படி விற்கிறவர்களைத் தடுக்க யாரும் மெனக்கெடுவதாகத் தெரியவில்லை, ரோட்டுத் தடுப்பில் நிற்பதும் சம்மன் வாங்குவதும் வாங்கியவர்.

புதிய டயருக்கும் தேதி பாருங்கள். பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் நாலு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. "கழிவு விலை" என்றால் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும். நாலிலும் தேதி ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். விலையில் வால்வு, பேலன்சிங், எலைன்மென்ட் சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பழைய டயரில் 4 மில்லிமீட்டர் இருந்தால் அதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள், மறுநாள் வேறொருவருக்கு விலை போகும். நைட்ரஜன் காற்றுக்குத் தனிக் காசு வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

மாட்டியபின் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். ஏடி டயரின் கட்டைகள் ஒருபக்கமாகத் தேய்ந்தால் லோரி போல இரையும், அது ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது கடினம். தோட்டத்தில் களிமண் ஒட்டி டயர் மொழுக்கென்று ஆகிவிட்டால் காற்றை 20, 22 பிஎஸ்ஐ வரை இறக்கி மெதுவாக ஓட்டலாம், தாருக்கு ஏறுமுன் திரும்ப அடித்துவிட வேண்டும். 12 வோல்ட் சிறு பம்பு ஒன்று இருக்கையடியில் கிடக்கட்டும்.

பெட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்பேர் டயரை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். தோட்டத்துச் சேற்றில் அந்தச் சங்கிலி துருப்பிடித்து இறங்காமல் நிற்பது சாதாரணம். ஈப்போ நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று அதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.