தொப்பைக்கும் பிரஷருக்கும் என்ன சம்மந்தம்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 42 வயசு, 94 கிலோ. பிரஷர் 150/96 இருக்கு, டாக்டர் மாத்திரை குடுத்து வெயிட்டையும் குறைக்கச் சொன்னாரு. இவரோ தலைவலி, மயக்கம் எதுவுமே இல்லையே, உடம்பு போட்டதுக்கும் பிரஷருக்கும் என்ன சம்மந்தம்னு கேக்குறாரு.

பதில்: நெறைய இருக்கும்மா. வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு கிட்னிய சுத்தி அழுத்துது, அதனால கிட்னி உப்பையும் தண்ணியையும் வெளியேத்தாம பிடிச்சு வச்சுக்குது, கூடவே ரத்தக்குழாய சுருக்குற ஹார்மோனும் ஏறுது, அப்புறம் பிரஷர் ஏறாம என்ன பண்ணும். பெரும்பாலானவங்களுக்கு அறிகுறியே இருக்காது, எனக்கு பயமே அதுதான். ராத்திரி பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறுறாரான்னு கவனிங்க, அதுவும் பிரஷர ஏத்தும், டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லுங்க.

இடுப்பளவு நம்ம ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ.க்குள்ள இருக்கணும். பேன்ட் சைஸ நம்பாதீங்க, டேப் வச்சு தொப்புள் கிட்ட அளங்க. ஒரு கிலோ குறைஞ்சா பிரஷரோட மேல் அளவு (இவருக்கு 150 இருக்கே, அது) சுமாரா 1 பாயின்ட் எறங்கும், அதனால 5 கிலோ கொறஞ்சாலே நல்ல பலன்தான். ஊறுகா, அப்பளம், கருவாட்ட குறைங்க, உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள போதும்.

இன்னொண்ணு, கை பருமனா இருந்தா, பிரஷர் பாக்க கையில சுத்துற பட்டை சின்னதா இருந்தா பிரஷர் கூடுதலா காட்டும், பெரிய பட்டை போட்டுப் பாக்கச் சொல்லுங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, வெயிட் குறைஞ்சா டோஸ டாக்டரே பாத்து குறைப்பாரு.