வெறும் வயிற்றில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்

வாசகர் கேள்விகளுக்கு சேலம் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட மேஸ்திரி நான். வயது 52. கொழுப்பு டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு காலை பஸ்ஸில் மலையிறங்கி வந்தேன். பாதி வழியிலேயே தலைசுற்றல். ரிப்போர்ட்டில் மொத்தக் கொழுப்பு 238, எல்.டி.எல். 162, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 190. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு வலி கிடையாது, தினமும் மேடு ஏறி இறங்குகிறேன். அப்பா மட்டும் 48 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். மாத்திரை அவசியம்தானா? காபியையும் விட வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் பஸ் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பட்டினியோடு கடக்க வேண்டியதில்லை. சாப்பிட்டால் ஏறுவது முக்கியமாக ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்புதான், மற்றவை பெரிதாக மாறுவதில்லை. கெட்ட கொழுப்பு என்று சொல்கிற எல்.டி.எல்.லைப் பெரும்பாலான லேப்களில் கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 238-இல் நல்ல கொழுப்பான எச்.டி.எல். 38-ஐக் கழியுங்கள். 190-ஐ ஐந்தால் வகுத்தால் 38, அதையும் கழியுங்கள். மிச்சம் 162. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு சரிவராது. அப்போது வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டும். சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் லேபில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இனி மாத்திரை. எல்.டி.எல். ரத்தக் குழாயின் சுவருக்குள் போய்ப் படிவது வலிக்காது. இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் நடக்கும். ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும்போதுதான் தெரியும். நீங்கள் மேடு ஏறுவது இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் அதை வைத்துக் குழாய் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 162 அல்ல, கடைசியில் போகிற போக்கில் எழுதிய அப்பாவின் வயது. 55-க்கு முன்பே தந்தைக்கு மாரடைப்பு வந்திருந்தால் அதே 162-க்கு எடை கூடிவிடுகிறது. எச்.டி.எல்.லும் ஆண்களுக்கு வேண்டிய 40-க்குக் கீழே இருக்கிறது. பிரஷர், சர்க்கரை, பீடி சிகரெட் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, அவற்றையும் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை, மாத்திரை எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஒன்று. செவ்வாய்பேட்டையில் கடை வைத்திருந்த என் அண்ணனுக்கு எல்.டி.எல். 170 இருந்தது. மாத்திரையில் 84-க்கு இறங்கியது. "நார்மல் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று யாரோ கேட்க, என்னிடம்கூடச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். நிறுத்திய சில வாரங்களிலேயே கொழுப்பு பழைய இடத்துக்கு ஏறிவிடும். அவர் மறுபடி டெஸ்ட் எடுக்கவே இல்லை. பதினான்கு மாதம் கழித்து ஒரு ராத்திரி வியர்த்துக் கொட்டியபோது வாயு என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் இன்று ஒரு மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. மாத்திரையை விட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த 84 மாத்திரை கொடுத்த 84 என்பதை அவருக்குப் புரியும்படி உட்கார்ந்து சொல்லாமல் போனேனே என்ற வருத்தம் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தசைவலி மாதிரி ஏதாவது வந்தால் டாக்டரிடம் போங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காபியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் செடி கொண்டுவந்த நாள் முதல் காபியோடு வாழ்கிற மலை அது, விடச் சொல்ல மாட்டேன். தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே குடிப்பதை மட்டும் குறையுங்கள். காபியில் இருக்கும் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் எல்.டி.எல்.லை ஏற்றும். காகித ஃபில்டர் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும்.

கேள்வி: "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்ட எண்ணெயை வாங்கினால் போதுமா? (அம்மாபேட்டை வாசகி)

பதில்: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, நம் செக்குக் கடலை எண்ணெய் உட்பட. அந்த வாசகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைகொழுப்பு (saturated fat), அது தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் அதிகம். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 50 வயதில் பைபாஸ் நடந்தது. 26 வயது மகனுக்கு இப்போதே டெஸ்ட் எடுக்கலாமா? (கொண்டலாம்பட்டி வாசகி, வயது 54)

பதில்: எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் அது பரம்பரையாக வருகிற வகையாக இருக்கலாம், உடனே வைத்தியம் தொடங்க வேண்டும். கணவருக்கு, மகனுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் எல்.டி.எல். ஏறும் அம்மா. மகனோடு போகிற அன்றைக்கே நீங்களும் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.