கியாந்தி மண்சாலைகளுக்கு ரோடு பைக் போதுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "அக்டோபர் முதல் வாரம் நானும் மனைவியும் இத்தாலியின் டஸ்கனியில் எரோய்கா நிரந்தரப் பாதையை 4 நாளில் சுற்றிவர நினைக்கிறோம். இருவரிடமும் ரோடு பைக் இருக்கிறது, 28 மி.மீ. டயர். தார்ச்சாலையில் ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் எங்களுக்குச் சிரமமில்லை. இதே சைக்கிள் போதுமா, கிராவல் பைக் வேண்டுமா? வழியில் திராட்சைத் தோட்டங்களில் நின்று ஒயின் ருசிக்கவும் ஆசை."

உங்கள் சைக்கிள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, அங்கே போய் கிராவல் பைக்கை (மண்சாலைக்கான, அகலமான டயரும் இலகுவான கியரும் உள்ள சைக்கிள்) வாடகைக்கு எடுங்கள். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. டயர் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் கியர். அதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

எரோய்கா என்னும் பழைய சைக்கிள் விழாவின் பெயரில் அமைந்த இந்தச் சுற்று, கையோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் தொடங்கி அங்கேயே முடிகிறது, 209 கிலோமீட்டர். பாதியளவு வெள்ளை மண்சாலை. மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். 4 நாளாகப் பிரித்தால் தினமும் 52 கிலோமீட்டர், ஏறத்தாழ 900 மீட்டர் ஏற்றம். இந்த 52-ஐ உங்கள் தார்ச்சாலை 80-உடன் ஒப்பிடாதீர்கள். டஸ்கனியின் ஒயின் பகுதியான கியாந்தியின் மலைகள் உயரமானவை அல்ல, அதிகபட்சமே 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அங்கே சமதளமே கிடையாது. ஒரு தோட்டத்திலிருந்து ஓடைக்கு இறங்கி, உடனே அடுத்த தோட்டத்துக்கு ஏறிக்கொண்டே இருப்பீர்கள்.

தார்ச்சாலையில் செங்குத்தாக வந்தால் எழுந்து நின்று மிதிப்போம். சரளையில் அது நடக்காது. எழுந்ததும் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து சக்கரம் வெறுமனே சுழலும். உட்கார்ந்தபடியே, சீட்டின் முன்பக்கம் நகர்ந்து, ஒரே சீராக மிதிக்க வேண்டும். அதற்குக் கியர் இடம் தர வேண்டும். ரோடு பைக்கில் செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டரைத் தாண்டும். 14 சதவீத ஏற்றத்தில், பையும் கட்டிக்கொண்டு, அந்த வேகத்தை நம்மைப் போன்றவர்களால் பிடிக்க முடியாது. மிதி மெதுவாகும், சைக்கிள் தள்ளாடும், கால் ஊன்றுவோம். சரளையில் ஒருமுறை நின்றால் ஏற்றத்தின் நடுவில் மறுபடி கிளம்புவதும் பெரும் பாடு. முன்னால் 40, பின்னால் 44 உள்ள கிராவல் பைக்கில் அதே 60 சுற்றுக்கு வேகம் 7 கிலோமீட்டர். அதில் ஏறிவிடலாம். ஆகவே வாடகைக் கடைக்கு எழுதும்போது சைக்கிளின் பிராண்டைக் கேட்காதீர்கள். முன்னால் எத்தனை பல், பின்னால் உள்ள மிகப்பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேளுங்கள். பின்னால் உள்ள எண் முன்னதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் சரி.

டயருக்கு வருவோம். இதே மண்சாலைகளில் 2007 முதல் நடக்கும் ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தில் தொழில்முறை வீரர்கள் 28, 30, 32 மி.மீ. டயரில் ஓட்டியிருக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் மாற்றுச் சக்கரங்களோடு கார் வருகிறது. உங்களுக்கு 40 மி.மீ., டியூப்லெஸ், உள்ளே சீலன்ட் (சிறு துளைகளைத் தானாக அடைக்கும் திரவம்) புதிதாக ஊற்றியது. டியூப்லெஸ் ஆனாலும் ஆளுக்கொரு டியூப் கையில் இருக்கட்டும்.

காற்றழுத்தம் பைசா செலவில்லாத விஷயம், ஆனால் சைக்கிளையே மாற்றிவிடும். 70 கிலோ ஆள், சிறிய பை என்றால் முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். கல்லில் ரிம் இடிக்கிற உணர்வு வந்தால் 2 கூட்டுங்கள். சைக்கிள் துள்ளிக்கொண்டே இருந்தால் 2 குறையுங்கள். கடைக்காரர் 50 வைத்துக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, தெருமுனையில் இறக்கிவிடுங்கள்.

ஏற்றம் களைப்பைத்தான் தரும், காயம் தருவது இறக்கம். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டு, எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். கார்கள் போய்ப் போய் இறுகிய இரண்டு தடங்கள் தெரியும், அதில் ஒன்றிலேயே இருங்கள். உதிரிக் கல்லெல்லாம் நடுவிலும் ஓரத்திலும்தான் குவிந்திருக்கும்.

பாதையின் தென்கிழக்கில், அஷ்யானோவைச் சுற்றி, க்ரேதே செனேசி என்னும் களிமண் குன்றுகள் வரும். மொத்தச் சுற்றிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. மரமே இல்லாத மொட்டைக் குன்றுகள், நடுவே ஒரு வெள்ளைக் கோடாகச் சாலை. மோந்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் துண்டு இங்கேதான். நீளமான ஏற்றம் எதுவும் இல்லை, ஆனால் குட்டையான, மிகச் செங்குத்தான மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காய்ந்திருந்தால் அவசரப்படாமல் ஓட்டுங்கள். மழை பெய்திருந்தால் போகாதீர்கள். களிமண் டயருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே அடைத்து, சக்கரம் சுழலவே சுழலாது. 2018 பந்தயம் நடந்த அன்று வீரர்கள் தலையிலிருந்து கால்வரை சேறாகி வந்தார்கள். அப்படி ஒரு நாள் அமைந்தால் அஷ்யானோவிலிருந்து சியெனாவுக்குப் போகும் லவுரெத்தானா தார்ச்சாலையைப் பிடியுங்கள். அதே குன்றுகளின் முதுகில்தான் அதுவும் போகிறது.

இந்த ஒரு பகுதிக்காகவே 4 நாளை 5 ஆக்கச் சொல்கிறேன். மூர்லோ, புவோன்கொன்வெந்தோ, அஷ்யானோ, கஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா என்று நான்கு இரவுகள் தங்கலாம். வழியில் குன்றின் மேல் இருக்கும் மொந்தால்சினோ ஊருக்கு ஏறும் நாளில் வேறு எதையும் திட்டமிடாதீர்கள்.

அப்புறம், தேதி. 1987-க்கு முந்தைய சைக்கிள்களில் ஓட்டும் எரோய்கா விழா வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில் கையோலேயில்தான் நடக்கும். அந்த வார இறுதியில் அந்தச் சிற்றூரில் அறை கிடைப்பது அரிது. ஒரு வாரம் தள்ளிப் போங்கள். இத்தாலியில் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி இறுதி வரை வேட்டைக்காலம் என்பதையும் மனதில் வையுங்கள். செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்கு அனுமதி இல்லை, மற்ற நாட்களில் காட்டுப் பகுதியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை அணியுங்கள். அறுவடை முடியாத தோட்டங்களில் வளைவுக்கு வளைவு டிராக்டர் வரலாம். செம்மறி ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடங்கள்.

ஒயின் ருசிப்பதை நாளின் கடைசிக்கு வையுங்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு அங்கே சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். சட்டத்தைவிட, மதியம் இரண்டு கோப்பை குடித்துவிட்டு இறங்கப்போகும் சரளை வளைவுதான் எனக்குக் கவலை. தங்குமிடமும் ஒயின் தயாரிப்பும் ஒரே பண்ணையில் இருக்கும் இடங்கள் வழியில் நிறைய உண்டு. அதில் ஒன்றில் அறை எடுத்து, சைக்கிளைப் பூட்டிவிட்டு, மாலை 5 மணிக்கு ருசிப்புக்கு முன்பதிவு செய்யுங்கள். பிடித்த புட்டிகளை அஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பையில் கட்ட வேண்டாம்.